நின்றுபோன வோல்வோ 240 வேகனை மறுபடி ஓட வைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நம் மலேசியாவின் சுங்கை சிப்புட் பசாரில் காரை நிறுத்திவிட்டு ஒரு தே தாரிக் குடித்து வருவதற்குள் யாராவது ஒருவர் பானட்டைத் தடவிக்கொண்டு நிற்பார். பெரும்பாலும் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். "இது துரை ஓட்டின காரு மாதிரி இருக்கே" என்று ஆரம்பிப்பார். அது துரை ஓட்டிய கார்தான். 1985-ஆம் வருடத்து வோல்வோ 240 ஸ்டேஷன் வேகன், மேனுவல் கியர். ஒரு தோட்ட மேனேஜர் ஓட்டியது. அவரிடமிருந்து ஒரு லோரி குத்தகைக்காரர் கைக்குப் போய், அவர் வீட்டுப் பின்புறம் ரம்புத்தான் மரத்தடியில் பதினோரு வருடம் நின்றது. நான் பார்க்கப் போன அன்று பின்சீட்டில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.

அதை ஓட வைக்க எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. பார்ப்பவர்கள் எல்லாம் அதே கேள்விகளைக் கேட்கிறார்கள். பதில்களை இங்கே எழுதி வைத்துவிடுகிறேன்.

ஏன் இந்தக் கார்? வேறு வண்டியே கிடைக்கவில்லையா?

கிடைத்தது. ஆனால் பழுதுபார்க்க இதைவிட எளிதான பழைய கார் எனக்குத் தெரியாது. பானட்டைத் திறந்தால் இஞ்சினைச் சுற்றிக் கை போகிறது. 240 வரிசை 1974 முதல் 1993 வரை வந்தது, 28 லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். நம் நாட்டிலேயே, ஷா ஆலமில் 1967-இல் தொடங்கிய வோல்வோ தொழிற்சாலையிலும் பாகங்களைச் சேர்த்து 240-ஐப் பூட்டினார்கள். அதனால் இங்கே இந்த வண்டியில் கை வைத்துப் பழகிய போமன்கள் (மெக்கானிக்குகள்) இன்னும் இருக்கிறார்கள், வயதாகிவிட்டாலும்.

பழைய ஆட்கள் இந்த வேகனை 245 என்பார்கள். முதல் எண் வரிசை, நடு எண் சிலிண்டர், கடைசி எண் கதவு. பின்கதவையும் சேர்த்து ஐந்து. வேகனை வெள்ளைக்காரன் 'எஸ்டேட் கார்' என்பான். எஸ்டேட்டில் எஸ்டேட் கார் என்று என் மாமா இதுவரை நூறு முறை சொல்லிச் சிரித்துவிட்டார்.

வாங்கும் முன் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

கிரானைப் பாருங்கள், அதாவது வண்டியின் பதிவுப் பத்திரத்தை. இஞ்சினை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

கிரானில் இருக்கும் சேசிஸ் எண்ணும் இஞ்சின் எண்ணும் வண்டியில் அடித்திருப்பதோடு ஒத்துப்போகின்றனவா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். துரு இருந்தால் கம்பி பிரஷ் வேண்டாம், துணியில் கொஞ்சம் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் எழுத்து தெரியும். பெயர் மாற்றும்போது சோதனை நிலையத்தில் இதைத்தான் முதலில் பார்ப்பார்கள். எண் அழிந்திருந்தாலோ, இஞ்சினை யாரோ மாற்றிவிட்டு சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேயில் சொல்லாமல் விட்டிருந்தாலோ, வண்டி எவ்வளவு மலிவாக இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

இஞ்சின் அளவையும் கிரானிலேயே பாருங்கள். 240-இல் 1986 சிசி, 2127 சிசி, 2316 சிசி என்று பல வந்தன. நம் ரோட் டேக்ஸ் சிசிக்கு ஏற்ப ஏறுவது. தீபகற்பத்தில் சொந்தக் காருக்கு 1986 சிசி என்றால் 400 வெள்ளிக்குள் (ரிங்கிட்) முடியும், 2316 சிசி என்றால் 700-ஐ நெருங்கும். வருடா வருடம் கட்டப் போகிறவர் நீங்கள்.

கிரான் இறந்துபோனவர் பெயரில் இருக்கிறது, ரோட் டேக்ஸும் செத்துப் பல வருடமாகிறது. என்ன செய்வது?

தோட்டப் பக்கம் பாதி வண்டிகளின் கதை இதுதான். "அப்பா வண்டிதான், நாங்க எல்லாரும் சம்மதம்" என்று மகன் சொல்வதை வைத்து ஜேபிஜேயில் பெயர் மாற்ற முடியாது. வாரிசுகள் முதலில் சொத்து நிர்வாக நிறுவனமான அமானா ராயா வழியாகவோ நீதிமன்றம் வழியாகவோ சொத்து உத்தரவு வாங்க வேண்டும். அந்த வேலை முடியும்வரை முழுப் பணத்தையும் கொடுத்துவிடாதீர்கள். நான் கொடுத்தேன். விற்றவருடைய தங்கை ஜொகூரில் இருந்தார், கையெழுத்துக்கு ஏழு மாதம் அலைந்தேன். அந்த ஏழு மாதமும் கார் என் வீட்டு வாசலில் யாருடையதோ என்று நின்றது.

பல வருடம் ரோட் டேக்ஸ் இல்லாத வண்டி என்றால், காசு கைமாறும் முன்பே பதிவு எண்ணை எடுத்துக்கொண்டு ஜேபிஜே கவுண்டரில் போய் அதன் நிலையைக் கேட்டுவிடுங்கள்.

துரு எங்கே பிடித்திருக்கும்?

மழை அதிகமுள்ள ஊர், மரத்தடி, இலைச் சருகு. இவை மூன்றும் சேர்ந்தால் துரு மேலிருந்து கீழே வரும். கண்ணாடிக்கு முன்னால் காற்று உள்ளே போகும் பள்ளத்தில் இலை அடைத்து, தண்ணீர் வடிய வழியில்லாமல் உள்ளே இறங்கியிருக்கும். என் காரில் அந்தப் பள்ளத்தில் ரம்புத்தான் செடியே முளைத்திருந்தது, நான்கு இலையோடு.

உள்ளே கார்ப்பெட்டைத் தூக்கிப் பாருங்கள். ஈரமாக இருந்தால் அதன் அடியில் உள்ள தகரத்தை ஸ்குரூ டிரைவர் கைப்பிடியால் தட்டுங்கள். நல்ல தகரம் 'டங்' என்னும், செத்த தகரம் 'பொத்' என்னும். வேகனுக்கென்று இன்னும் சில இடங்கள் உண்டு. பின்கதவுக் கண்ணாடிக்குக் கீழ் விளிம்பு, பின்னால் தரைப்பலகைக்கு அடியில் இரு பக்கமும் இருக்கும் குழிகள், பின்சக்கர வளைவின் முன்பகுதி. பேட்டரி இருக்கும் தட்டும் அப்படித்தான்.

கதவு, மட்கார்டு துருப்பிடித்தால் மாற்றிவிடலாம். ஜாக்கி வைக்கும் இடம், சஸ்பென்ஷன் பிடிக்கும் இடம் போய்விட்டிருந்தால் வேறு வண்டி தேடுங்கள். பட்டி வைத்து மறைத்த துருவைக் கண்டுபிடிக்கச் சின்னக் காந்தம் ஒன்று போதும். பட்டியில் காந்தம் ஒட்டாது.

பல வருடம் நின்ற இஞ்சினை நேராக பேட்டரி போட்டு ஸ்டார்ட் செய்யலாமா?

வேண்டாம். எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள், வீடியோவும் எடுக்கிறார்கள்.

பிளக் நான்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் இஞ்சின் எண்ணெய் விட்டு ஒரு நாள் விடுங்கள். மறுநாள் முன் புல்லி போல்ட்டில் ஸ்பானர் மாட்டிக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். இரண்டு முழுச் சுற்று தடையில்லாமல் வந்தால் பாதி நிம்மதி. அப்புறம் பழைய எண்ணெயை வடித்துப் புதிது ஊற்றி, பிளக் மாட்டாமலேயே ஸ்டார்ட்டரால் சுற்ற விட்டு எண்ணெய் அழுத்த விளக்கு அணைகிறதா என்று பாருங்கள். அதன்பிறகுதான் பெட்ரோல்.

டேங்கில் இருக்கும் பழைய பெட்ரோலைத் தொடவே வேண்டாம். அது பெயிண்ட் தின்னர் மாதிரி நாறும். முழுவதும் வடித்து, டேங்கின் உள்ளே துரு இருக்கிறதா என்று பார்த்து, பில்டர் மாற்றிய பிறகு புதுப் பெட்ரோல் விடுங்கள். தீயணைப்பான் பக்கத்திலேயே இருக்கட்டும்.

டைமிங் பெல்ட்டை முதலிலேயே மாற்றிவிடுங்கள். இந்தக் காரில் வந்த எட்டு வால்வு 'ரெட் பிளாக்' இஞ்சினில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வைத் தொடாது, இஞ்சின் நின்றுபோகும், அவ்வளவுதான். ஆனால் ராத்திரி பத்து மணிக்குச் செம்பனைக் காட்டு நடுவே நின்றுபோகும்.

வாங்கியதிலேயே மோசமாகப் போயிருந்தது எது?

ரப்பர். பால்மரம் வெட்டிப் பிழைத்த ஊரில் இருந்துகொண்டு இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இஞ்சின், கியர்பாக்ஸ், பின் ஆக்சில் மூன்றும் பதினோரு வருடம் கழித்தும் சுழன்றன. வாட்டர் ஹோஸ், பெட்ரோல் ஹோஸ், பிரேக் ஹோஸ், இஞ்சின் மவுண்ட், கதவு ரப்பர், புஷ், சீல் எல்லாம் போயிருந்தன. சில கல்லாக இறுகியிருந்தன, சில கைபட்டதும் தார் மாதிரி ஒட்டின. ஒன்றொன்றாகப் போகட்டும், அப்போது மாற்றிக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். தண்ணீர், பெட்ரோல், பிரேக், இந்த மூன்றையும் தாங்கும் ரப்பரை ஒரே தடவையில் மாற்றுங்கள். டயரும் அப்படித்தான். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டும் வாரம், கடைசி இரண்டும் வருடம். பூ (மேல் வரிகள்) நன்றாக இருக்கிறதே என்று பழைய டயரை வைத்து ஹைவேயில் ஏறாதீர்கள்.

இன்னொரு விஷயம். எண்ணெய் எல்லாப் பக்கமும் கசிகிறது என்றதும் சீல் மாற்ற ஓடுவார்கள். அதற்கு முன்னால் எண்ணெய் மூடியைத் திறந்து, இஞ்சின் ஓடும்போது ஒரு மெல்லிய ரப்பர் கையுறையை அந்த வாயில் மாட்டிப் பாருங்கள். கையுறை ஐந்து விரலும் விரித்து எழுந்து நின்றால் உள்ளே அழுத்தம் கட்டுகிறது. 'பிளேம் டிராப்' என்ற சின்ன பிளாஸ்டிக் சல்லடை ஒன்று இன்டேக்குக்குக் கீழே ஒளிந்திருக்கும், பெரும்பாலும் அது அடைத்துப்போனால்தான் இப்படி. சில வெள்ளியில் முடியும் வேலை. அதைச் செய்யாமல் சீல் மாற்றினால் புது சீலும் கசியும்.

கூலன்ட் ஊற்ற வேண்டுமா, பச்சைத் தண்ணீர் போதாதா?

போதாது. இஞ்சின் பிளாக் இரும்பு, மேலே ஹெட் அலுமினியம். வெறும் தண்ணீர் ஓடினால் ஹெட் அரித்துப்போகும். இங்கே உறையாதே என்பார்கள். கூலன்ட் ஊற்றுவது உறையாமல் இருக்க மட்டும் இல்லை.

வயரிங் எப்படி இருக்கும்?

1980 முதல் 1987 வரை வந்த 240-களில் இஞ்சின் பக்க வயர்களின் மேலுறை வெப்பத்தில் நொறுங்கும் வகை. விரலால் மடித்தால் பிஸ்கோத்து மாதிரி உதிர்ந்து செம்பு தெரியும். டேப் சுற்றிச் சமாளிக்கலாம் என்று நினைத்தேன். ஒரு இடத்தில் சுற்றினால் பக்கத்தில் நொறுங்குகிறது. கடைசியில் இஞ்சின் வயர்க் கட்டு முழுவதையும் புதிதாகச் செய்தோம். ஒவ்வொரு வயரையும் கழற்றும் முன் கைப்பேசியில் படம் எடுத்து, பேப்பர் டேப்பில் எண் எழுதி ஒட்டினோம். மூன்று ஞாயிற்றுக்கிழமை.

அதோடு எலி. செம்பனைத் தோட்டத்தில் எலியைப் பிடிக்க ஆந்தைக்குக் கம்பத்தில் பெட்டி கட்டி வைக்கிறார்கள், அப்படியும் மிச்சம் எலி நம் காரைத் தேடி வரும். ஏர் பில்டர் பெட்டியைத் திறந்தால் கூடு இருக்கும். கையை விடும் முன் குச்சியை விடுங்கள், எலி இருக்கும் இடத்துக்குப் பாம்பும் வரும்.

பின்கதவில் வைப்பர், நம்பர் பிளேட் விளக்கு, லாக் எதுவும் வேலை செய்யவில்லையென்றால் மோட்டாரைக் கழற்ற வேண்டாம். வயர் கதவின் கீல் பக்கம் வளைந்து வளைந்து அறுந்திருக்கும். வேகனில் இது எல்லாருக்கும் வருவதுதான்.

மேனுவல் கியர் என்கிறீர்கள், நான்கு கியர்தான் இருக்கிறதே?

இது நிறையப் பேர் ஏமாறும் இடம். என் காரில் இருப்பது எம்46 கியர்பாக்ஸ். நான்கு கியர், பின்னால் ஓவர்டிரைவ் என்று ஒரு துண்டு. நான்காவதில் ஓடும்போது கியர் குமிழில் இருக்கும் பட்டனை அழுத்தினால் ஐந்தாவது கியர் போட்டது மாதிரி இஞ்சின் சத்தம் இறங்கும். ஓவர்டிரைவ் இல்லாதது எம்45. பின்னால் வந்த எம்47-இல் ஐந்து கியரும் சாதாரணமாகவே உண்டு.

விற்றவர் "ஓவர்டிரைவ் செத்துப்போச்சு, கியர்பாக்ஸ் மாத்தணும்" என்று சொல்லித்தான் விலை குறைத்தார். கியர்பாக்ஸில் ஒன்றுமே இல்லை. கண்டுபிடித்தது இப்படித்தான். காரை நான்கு ஸ்டாண்டில் ஏற்றி, நான் அடியில் படுத்துக்கொண்டேன். இஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் போட்டு, நான்காவது கியரில் வைத்து, பட்டனை அழுத்தச் சொன்னேன் அக்கா மகனிடம்.

"அமுக்கிட்டேன் மாமா."

ஒன்றும் கேட்கவில்லை.

"குமிழை லேசா முன்னால தள்ளிக்கிட்டே அமுக்கு."

தலைக்கு மேலே 'டக்'. மின்சாரத்தில் ஓவர்டிரைவை இயக்கும் சோலனாய்டு நன்றாகத்தான் இருந்தது. பட்டனிலிருந்து வரும் வயர் கியர்க் கம்புக்குள்ளே இறங்குகிறது. முப்பது வருடமாகக் கியர் போட்டுப் போட்டு அது கம்புக்குள் ஒரு இடத்தில் அறுந்து, தொட்டும் தொடாமலும் இருந்திருக்கிறது. அரை மீட்டர் வயர், கொஞ்சம் ஈயம், முடிந்தது.

ஆனால் அதோடு விடவில்லை. ஹைவேயில் பட்டனை அழுத்தி மூன்று நான்கு விநாடி கழித்துத்தான் ஓவர்டிரைவ் பிடித்தது. காரணம் நானே தேடிக்கொண்டது. கியர் எண்ணெய் மாற்ற ஒரு வர்க்‌ஷாப்பில் விட்டிருந்தேன், மேனுவல் கியர்தானே என்று கெட்டியான 90 நம்பர் எண்ணெயை ஊற்றிவிட்டார்கள். என் கியர்பாக்ஸுக்கு வேண்டியது எஃப் வகை ஏடிஎஃப், ஆட்டோ கியருக்கு ஊற்றும் மெல்லிய சிவப்பு எண்ணெய் வகை. ஓவர்டிரைவ் அதே எண்ணெயின் அழுத்தத்தில்தான் வேலை செய்கிறது, கெட்டி எண்ணெயை அதன் பம்ப் இழுக்கத் திணறும். வடித்து, ஓவர்டிரைவுக்குள் இருக்கும் சல்லடையையும் கழுவி, சரியான எண்ணெய் ஊற்றியதும் பட்டனைத் தொட்டவுடன் பிடித்தது. உங்கள் காரின் கையேட்டில் எந்த எண்ணெய் என்று பார்த்து, நீங்களே வாங்கிக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

எண்ணெய் வடிக்கும்போது முதலில் பக்கவாட்டில் உள்ள ஊற்றும் போல்ட்டைக் கழற்றிப் பாருங்கள். அது கழன்ற பிறகுதான் அடியில் உள்ள வடிக்கும் போல்ட். மாற்றிச் செய்து, மேல் போல்ட் துருவில் இறுகி வராமல் போனால், எண்ணெயே இல்லாத கியர்பாக்ஸோடு நிற்பீர்கள்.

ஓவர்டிரைவ் பிடித்த நிலையிலேயே மாட்டிக்கொண்டால் ரிவர்ஸ் எடுக்காதீர்கள். உள்ளே ஒரு பக்கம் மட்டும் சுழலும் கிளட்ச் இருக்கிறது, உடைந்துபோகும். நான்கு பேரைக் கூப்பிட்டு முன்பக்கமாக மட்டும் தள்ளுங்கள்.

கியர் கம்பு சட்டியில் கரண்டி மாதிரி ஆடுகிறது. கியர்பாக்ஸ் போய்விட்டதா?

பெரும்பாலும் இல்லை. கம்பின் அடியில் இருக்கும் பிளாஸ்டிக் புஷ் தேய்ந்திருக்கும், மலிவான சாமான். இரண்டாவது கியர் போடும்போது கரகரக்கிறது என்றால் அது வேறு, உள்ளே கியர்களின் வேகத்தை ஒன்றாக்கும் சின்க்ரோ தேய்மானம். காலையில் மட்டும் கரகரத்தால் கொஞ்ச நாள் பொறுமையாகப் போட்டு ஓட்டலாம்.

கிளட்ச்?

கேபிளா ஹைட்ராலிக்கா என்று பாருங்கள், 240-இல் இரண்டும் உண்டு. ஹைட்ராலிக் என்றால் பெடலுக்கு மேலே விரல் விட்டுத் தடவுங்கள். ஈரமாக இருந்தால் மாஸ்டர் சிலிண்டர் கசிகிறது. நின்ற வண்டியில் கிளட்ச் பிளேட் துருவில் ஒட்டிக்கொண்டும் இருக்கும். இஞ்சினைச் சூடாக்கி, கிளட்சை மிதித்தபடி காலியான திடலில் மூன்றாவது கியரில் லேசாக இழுத்து விட்டால் சில சமயம் தானாக விடும்.

பிரேக்கைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லையே?

நான்கு சக்கரத்திலும் டிஸ்க், ஹேண்ட் பிரேக்குக்கு மட்டும் பின் டிஸ்க்குக்குள் சின்ன டிரம். இரண்டு தனித்தனிக் குழாய் வழி, ஒவ்வொன்றும் முன்சக்கரம் இரண்டையும் பின்சக்கரம் ஒன்றையும் பிடிக்கும். ஒரு வழி போனாலும் வண்டி நிற்க வேண்டும் என்று அப்படிச் செய்தார்கள். பல வருடம் நின்ற வண்டியில் கேலிபர் பிஸ்டன் இறுகியிருக்கும். பிரேக் வேலையை நீங்களே பழகிப் பார்க்காதீர்கள், தெரிந்த போமனிடம் விடுங்கள்.

ஏர்கோன் வருமா?

வரும். அந்தக் காலத்து ஏர்கோன் ஆர்12 வாயுவில் ஓடியது. ஆர்134ஏ-க்கு மாற்றும்போது வாயுவை மட்டும் மாற்றினால் போதாது. ஓ-ரிங், டிரையர், கம்ப்ரஸர் எண்ணெய் எல்லாம் மாற வேண்டும். மழையே இல்லாத நாளில் பயணியின் கால் பக்கம் கார்ப்பெட் நனைந்தால், பெரும்பாலும் ஏர்கோன் தண்ணீர் வடியும் குழாய் அடைத்திருக்கிறது.

ஜப்பான் இஞ்சின், ஆட்டோ கியர் போட்டுவிட்டால் சுலபமில்லையா?

போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். ஜேபிஜே அனுமதி, கிரானில் மாற்றம், மவுண்ட் வெல்டிங், வயரிங், அப்புறம் விற்கப் போனால் யாரும் வாங்குவதில்லை.

சாமான் எங்கே வாங்குகிறீர்கள்?

பெல்ட், பில்டர், பிரேக் பேட் எல்லாம் இணையத்தில் கிடைக்கின்றன. கண்ணாடி, கதவுக் கைப்பிடி, பின்விளக்கு மாதிரி சாமான்களுக்கு ஈப்போ பக்கத்துக் கெடாய் போத்தோங்தான், பழைய கார்களை வெட்டிச் சாமான் விற்கும் கடை. போகும்போது பழைய சாமானைக் கையில் எடுத்துப் போங்கள். கடை முதலாளி தவுக்கேயிடம் பெயர் சொல்லிக் கேட்டால் 'தடா' (இல்லை) என்பார், சாமானைக் காட்டினால் உள்ளே போய்க் கொண்டுவருவார்.

மொத்தம் எவ்வளவு செலவு? உண்மையைச் சொல்லுங்கள்.

காரை 4,000 வெள்ளிக்கு வாங்கினேன். அதைப் போல நான்கு மடங்குக்கு மேல் போய்விட்டது, அதற்கப்புறம் கணக்கு எழுதுவதை நிறுத்திவிட்டேன். மனைவியிடம் கேட்டால் சரியான தொகை சொல்வார். ஓடோமீட்டரை நம்பி விலை பேசாதீர்கள். அதற்குள் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் பல்சக்கரம் உடைந்து எண் நின்றுபோவது இந்தக் காரில் ரொம்பச் சகஜம்.

பெயிண்ட் எப்போது அடிக்கலாம்?

கடைசியில். என் கார் பெயிண்ட் அடிக்காமலேயே ஒரு வருடம் ஓடியது. முதலில் அடித்திருந்தால் இஞ்சின் வேலையில் மட்டும் ஐந்து இடத்தில் கீறியிருப்போம். நிறத்தை மாற்றினால் ஜேபிஜேயில் பதிய வேண்டும், அதனால் நான் பழைய நீலத்திலேயே இருந்துவிட்டேன்.

எல்லாம் முடிந்ததும் எங்கே ஓட்டிப் பார்த்தீர்கள்?

முதல் வாரம் சுங்கை சிப்புட் டவுனுக்குள்ளேயே, நடந்து வீட்டுக்கு வரக்கூடிய தூரத்தில். அடுத்தது பழைய சாலையில் கோலகங்சார் வரை. அங்கே இறங்கி, டயரைத் தொட்டுப் பார்த்தேன். ஒரு சக்கரம் மட்டும் கொதித்தால் அதில் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

சரியான பரீட்சை என்றால் கோலகங்சாரில் ஹைவே ஏறி மெனோரா குகைப்பாதை வழியாக ஈப்போ. ஏறும்போது வெப்ப முள்ளைப் பாருங்கள், நடுவிலேயே நின்றால் ரேடியேட்டர் நன்றாக இருக்கிறது. குகை தாண்டி ஜெலாப்பாங் பக்கம் நீண்ட இறக்கம். ஓவர்டிரைவை எடுத்துவிட்டு, தேவைப்பட்டால் மூன்றாவதுக்கு இறக்கி, இஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளட்டும். பின்னால் லோரி ஹோன் அடிப்பான், அடிக்கட்டும்.

வீட்டுக்கு வந்ததும் காரின் அடியில் ஒரு பழைய அட்டைப் பெட்டியை விரித்து ராத்திரி முழுக்க விடுங்கள். காலையில் அட்டையில் சிவப்பாகச் சொட்டியிருந்தால் கியர்பாக்ஸ், கறுப்பு என்றால் இஞ்சின், பச்சை என்றால் ரேடியேட்டர். என் அட்டையில் முதல் நாள் மூன்று நிறமும் இருந்தன.